விமானம் ஏறும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுண்ட்டர் வரை போய்விட்டு, கட்டிய பெட்டியோடு வேலூருக்கே திரும்பி வந்தவர்கள் கொரோனா காலத்தில் உண்டு. பயணத்துக்குச் சற்று முன்பு எடுத்த கொரோனா பரிசோதனை ரிப்போர்ட்டைப் பல நாடுகள் விதியாகக் கேட்ட காலம் அது. திரும்பியவர்களில் பலருக்குத் தொற்றே இருந்ததில்லை. கையில் ‘நெகட்டிவ்’ என்று அச்சடித்த ரிப்போர்ட்டும் இருந்தது. ஆனால் சாம்பிள் கொடுத்த நேரம் இரண்டு மணி நேரம் முந்திவிட்டிருக்கும், அல்லது ரிப்போர்ட்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்காது, அல்லது க்யூ.ஆர். கோடு திறக்காது. கடன் வாங்கி விசா எடுத்த குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதில் பெரும்பகுதி தடுத்திருக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த விதிகள் இன்று இல்லை. அமெரிக்கா 2022 ஜூன் 12-இல் பரிசோதனைக் கட்டாயத்தை எடுத்தது. இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் நிரப்பிய ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22-இல் நின்றது. ஆனால் நின்ற ஆறே வாரத்தில், 2023 ஜனவரி 1 முதல், சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஆறு இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் ஆர்.டி.பி.சி.ஆர். மறுபடி கட்டாயமானது. சில நாள் அவகாசத்தில் வரும் விதிகள் இவை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் வியாபாரிகளுக்கும், மேல்விஷாரத்திலிருந்து வளைகுடா போகிறவர்களுக்கும், அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருப்பது நல்லது.

முதலில் பார்க்க வேண்டியது, விதி மணியைச் சொல்கிறதா, நாளைச் சொல்கிறதா என்பது. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள்.

2021 ஆகஸ்டில் துபாய் இந்தியப் பயணிகளுக்கு மறுபடி கதவைத் திறந்தபோது கேட்டது 48 மணி நேரம். அது சாம்பிள் கொடுத்த நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம். ரிப்போர்ட் வந்த நேரத்திலிருந்து இல்லை. அதற்கு மேல், விமானம் புறப்படுவதற்கு முந்தைய 6 மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே இன்னொரு ரேபிட் பி.சி.ஆர். எடுக்க வேண்டும். அமெரிக்கா 2021 ஜனவரி 26 முதல் கேட்டதோ ‘3 நாள்’. அது காலண்டர் நாள். 19-ஆம் தேதி விமானம் என்றால் 16-ஆம் தேதி எந்த நேரத்தில் கொடுத்த சாம்பிளும் செல்லும். மணிக் கணக்கு கிடையாது. 2021 டிசம்பர் 6 முதல் அது ‘1 நாள்’ ஆனது. வெள்ளிக்கிழமை விமானத்துக்கு வியாழக்கிழமை எந்நேரமும் எடுக்கலாம், புதன்கிழமை கூடாது.

இங்கே நம் பேச்சுவழக்கே ஒரு பொறி. நள்ளிரவு தாண்டி 12.40-க்குக் கிளம்பும் விமானத்தை நாம் ‘வியாழன் ராத்திரி ஃபிளைட்’ என்றுதான் சொல்வோம். டிக்கெட்டில் அது வெள்ளி. மணிக் கணக்கு விதியில் இதனால் கெடுதல் இல்லை. நாள் கணக்கு விதியில் ‘வியாழன் ஃபிளைட், புதன் எடுத்தால் போதும்’ என்று போனால் ரிப்போர்ட் செல்லாது. வீட்டில் யார் வாயிலும் கிழமை வேண்டாம். டிக்கெட்டில் உள்ள தேதியையும் 24 மணி நேரக் கணக்கில் உள்ள நேரத்தையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

துபாய் கணக்கையே ஒருமுறை போட்டுப் பார்ப்போம். விமானம் வெள்ளி அதிகாலை 4.00. அதிலிருந்து 48 மணி பின்னால் போனால் புதன் அதிகாலை 4.00. அதற்கு முன்பு கொடுத்த எந்தச் சாம்பிளும் குப்பை. லேப் திறக்கும் புதன் காலை 8 மணிக்குக் கொடுத்தால், விமானம் ஏறும்போது அது 44 மணி நேரப் பழசு. நாலு மணி நேரம் கையில் மிச்சம். புதன் சாயங்காலம் கொடுத்தால் மிச்சம் இன்னும் கூடும் என்று பலர் அதைத் தேர்ந்தெடுப்பார்கள். அது தவறு என்பது என் உறுதியான கருத்து. காலையில் கொடுத்தால் ராத்திரிக்குள் முடிவு தெரியும். சாம்பிள் சரியில்லை என்று லேப் சொன்னால் வியாழன் காலையில் மறுபடி கொடுத்து, மாலைக்குள் இன்னொரு ரிப்போர்ட் வாங்க வழி இருக்கும். விமானம் தாமதமாவதைவிட, லேபில் ஒரு சாம்பிள் மறு ஓட்டத்துக்குப் போவதைத்தான் அதிகம் எதிர்பார்க்க வேண்டும்.

ஏன் அப்படி என்று புரிய, லேபுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். மூக்கின் உட்கோடியிலும் தொண்டையிலும் ஸ்வாப் எடுத்து, இரண்டு மூன்று மில்லி திரவம் உள்ள குழாயில் போடுகிறார்கள். அந்தத் திரவத்துக்கு வி.டி.எம். என்று பெயர். ஸ்வாப் நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பஞ்சு சுற்றிய மரக்குச்சி பி.சி.ஆர். வினையையே கெடுத்துவிடும். குழாய் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். பிறகு வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எந்திரத்தில் ஏற்றுகிறார்கள். பிரித்தெடுப்பதும் ஓட்டுவதும் சேர்த்தால் நாலு முதல் ஆறு மணி நேர வேலைதான். பின் ஏன் ஒருநாள், ஒன்றரை நாள் ஆகிறது? எந்திரத்தின் தட்டில் 96 குழிகள். அது நிறையும்வரை பல லேப்கள் காத்திருக்கும். நம் ஊரில் பல இடங்கள் லேப் அல்ல, வெறும் சேகரிப்பு மையம். சாம்பிள் சாயங்காலம் வண்டியேறிச் சென்னைக்குப் போய், ராத்திரித் தட்டில் ஏறும். மதியம் கொடுத்தாலும் காலையில் கொடுத்தாலும் ஒரே நேரத்துக்குத்தான் முடிவு வரும்.

ஆகவே கவுண்ட்டரில் விலையை விசாரிக்கும் முன்பு மூன்று கேள்வி கேளுங்கள். சாம்பிளை இங்கேயே ஓட்டுகிறீர்களா, வெளியே அனுப்புகிறீர்களா? இன்றைய கடைசித் தட்டு எத்தனை மணிக்கு? முடிவு தெளிவாக வராவிட்டால் எத்தனை மணி நேரத்தில் எனக்குச் சொல்வீர்கள்? மூன்றாவதற்குப் பதில் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். விலையைப் பொறுத்தவரை, 2021 மே மாதம் தமிழக அரசு தனியார் லேப் கட்டணத்துக்கு 900 ரூபாய் என்று வரம்பு வைத்தது. வீட்டுக்கு வந்து எடுத்தால் 300 கூடுதல். அன்று அதற்கு மேல் கேட்டவரிடம் ரசீது கேட்டாலே பாதி விஷயம் முடிந்துவிட்டது.

சாம்பிளைக் குளிரில் கொண்டுபோவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஊரே சாட்சி. 1986-இல் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் அவருடைய மாணவி நிர்மலா சென்னையில் எடுத்த இரத்த மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. கொரோனா காலத்தில் அதே தண்டவாளத்துக்கு இணையான சாலையில் மாதிரிகள் எதிர்த்திசையில் போயின. ஐஸ் பேக் இல்லாத தெர்மாகோல் பெட்டியில் உங்கள் குழாயைப் போடுவதைக் கண்டால் தயங்காமல் கேளுங்கள்.

‘முடிவு தெளிவாக இல்லை’ என்பது எப்படி வருகிறது? ஒவ்வொரு குழியிலும் மனித உயிரணுவின் மரபணு ஒன்றையும் சேர்த்துத் தேடுவார்கள். அது கிடைக்கவில்லை என்றால் ஸ்வாப் சரியாகத் தொடவில்லை என்று பொருள், பரிசோதனை செல்லாது. வலிக்குமோ என்று மூக்கு நுனியிலேயே சுற்றிவிட்டு எடுப்பதால் வருவது இது. தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, ஸ்வாப் மூக்கின் தரைக்கு இணையாக உள்ளே போய், சில நொடி நின்று, சுழன்று வர வேண்டும். கண்ணில் நீர் வரும். தொண்டையிலும் எடுப்பதால், கொடுப்பதற்கு அரைமணி நேரம் முன்பிருந்து சாப்பிடாமல், குடிக்காமல் இருப்பது நல்லது. இன்னொரு காரணம், தேடும் இரண்டு மரபணுவில் ஒன்று மட்டும், அதுவும் எந்திரம் மரபணுவைப் பெருக்கும் கடைசிச் சுழற்சிகளில் தென்படுவது. எத்தனையாவது சுழற்சியில் தென்பட்டது என்று சொல்லும் சி.டி. மதிப்பு 35-ஐச் சுற்றி நிற்கும் ஆட்கள் இவர்கள். பெரும்பாலும் பழைய தொற்றின் மிச்சம்.

இந்தப் பழைய மிச்சம்தான் மிகப் பெரிய தலைவலி. ஆர்.டி.பி.சி.ஆர். உயிருள்ள வைரஸையும் செத்த வைரஸின் துணுக்கையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குணமாகி வேலைக்குப் போகத் தொடங்கியவருக்கும் சில வாரம், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, பாசிட்டிவ் வரலாம். அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டு, 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு, பயணம் செய்யலாம் என்ற மருத்துவர் கடிதமும் இருந்தால் ஏற்றது. ஆன்டிஜன் பரிசோதனையையும் ஏற்றது. எல்லா நாடும் அப்படி இல்லை. ஆகவே காய்ச்சல் வந்தபோது எடுத்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடாதீர்கள். அது ஒரு ஆவணம். பயணத்துக்கு எட்டுப் பத்து நாள் முன்பே ஒரு ஒத்திகைப் பரிசோதனை எடுத்துப் பார்ப்பது நல்ல காப்பீடு. பழைய மிச்சம் இருந்தால் அப்போதே தெரியும். டிக்கெட்டைத் தள்ளிப்போட அவகாசம் இருக்கும்.

ஒத்திகையில் நெகட்டிவ் வந்தபின் வழியனுப்பு விருந்து வைப்பதை நிறுத்த வேண்டும். இதைச் சொல்வது கஷ்டம்தான். துபாய் போகிற பிள்ளைக்குப் பிரியாணி ஆக்கி, மாமா சித்தப்பா வீடெல்லாம் கூடி உட்கார்வது நம் வழக்கம். ஆனால் தொற்று ஒட்டி மூன்று முதல் ஐந்து நாளில்தான் பி.சி.ஆர். அதைப் பிடிக்கும். பயணத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு வைக்கிற விருந்து, பரிசோதனை நாளுக்குச் சரியாக வந்து நிற்கும். மூன்று வாரம் முன்பே வைத்துவிடலாம். பிள்ளை வருத்தப்பட மாட்டான்.

இனி பெயர். தமிழர்களுக்கென்றே வாய்த்த சிக்கல் இது. ஆதாரில் ‘முருகன் கு’ என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் விரிந்து ‘முருகன் குமரேசன்’ ஆகியிருக்கும், இல்லையென்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட்டில் ஏஜென்ட் இரண்டையும் இடம் மாற்றியிருப்பார். பரிசோதனை விண்ணப்பத்தில் லேப்காரர் அடையாள அட்டை கேட்டால் நாம் எடுத்து நீட்டுவது ஆதாரை. ஆதாரில் உள்ளபடி ரிப்போர்ட் வரும். விமான நிறுவனத்துக்காரர் பாஸ்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு, ‘இது யார்?’ என்பார். மேல்விஷாரம், வாணியம்பாடிப் பக்கம் வீட்டுப்பெயரை முன்னெழுத்தாகப் போடும் குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். முகமது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். ஒரு எழுத்து மாறினாலும் பிரச்சினை.

செய்ய வேண்டியது எளிது. லேபுக்கு ஆதாரை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பாஸ்போர்ட்டை மட்டும் கொண்டுபோங்கள். முன்னெழுத்தை விரித்து, பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். தட்டச்சு செய்த திரையை உங்களுக்குத் திருப்பிக் காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். தளத்தில் உங்கள் சாம்பிளுக்கான பதிவு எண், அதாவது எஸ்.ஆர்.எஃப். எண் விழுந்தபிறகு திருத்துவது பெரும்பாடு. அப்போதே பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்க்கச் சொல்லுங்கள். நம் லேப்கள் வழக்கமாக ‘வயது 34, ஆண்’ என்றுதான் அச்சடிக்கும். அமெரிக்கா கேட்டது பெயரோடு இன்னொரு அடையாளம், அதாவது பிறந்த தேதி அல்லது பாஸ்போர்ட் எண், வயது போதாது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். சாம்பிள் எடுத்த தேதியும் நேரமும் தனியாக இருக்கிறதா பாருங்கள். பல ரிப்போர்ட்டுகளில் ‘பதிவு செய்த நேரம்’ மட்டும் இருக்கும்; அது வேறு. ஆர்.டி.பி.சி.ஆர். என்ற முறையின் பெயர், மாதிரியின் வகை, லேபின் முகவரி, ஐ.சி.எம்.ஆர். அங்கீகார எண் ஆகியவை இருக்க வேண்டும். தேதி 04/07/2021 என்று இருந்தால் அமெரிக்கக் கண்ணுக்கு அது ஏப்ரல் 7. மாதத்தை எழுத்தில் போடச் சொன்னால் இந்தக் குழப்பமே இல்லை. கையால் அடித்துத் திருத்தியதை வாங்காதீர்கள். புதிதாக அச்சடித்து வாங்குங்கள். செல்போனில் வந்த குறுஞ்செய்தியை வளைகுடா விமானங்களில் ஏற்கவில்லை, அச்சுத்தாளையே கேட்டார்கள்.

க்யூ.ஆர். கோடு தனிக் கதை. சில லேப்கள் போடும் கோடு உங்கள் பெயரையும் முடிவையும் எழுத்தாக மட்டும் காட்டும். துபாய் கேட்டது, லேபின் தளத்தில் உள்ள மூல ரிப்போர்ட்டையே திறந்து காட்டும் கோடு. வீட்டில் வேறொருவர் செல்போனில், வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, திறந்து பாருங்கள். உங்கள் செல்போனில் திறப்பது, நீங்கள் ஏற்கெனவே லேப் தளத்தில் நுழைந்திருப்பதால் இருக்கலாம். சென்னை போன பிறகு திறக்காவிட்டால் லேபின் எண்ணை ராத்திரி 11 மணிக்கு யார் எடுப்பார்கள்?

சாலைக்கு வருவோம். வேலூரிலிருந்து மீனம்பாக்கம் மூன்று மணி நேரம் என்று எல்லாரும் சொல்வார்கள். வாலாஜா சுங்கச்சாவடி, ஸ்ரீபெரும்புதூர் நெரிசல் இரண்டையும் சேர்த்து மூன்றரை வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அதிகாலை 4 மணி விமானத்துக்கு, ரேபிட் பரிசோதனையை வியாழன் இரவு 10 மணிக்கு முன்பு எடுக்கக் கூடாது. முடிவு அரைமணியில் வரும் என்றாலும் வரிசை உண்டு. ஆக மாலை 6 மணிக்கு வேலூரை விட்டால் ஒன்பதரைக்கு அங்கே இருக்கலாம். எட்டரைக்கே போய் முன்கூட்டி எடுத்துவிட்டால், அந்த அவசரமே எமனாகும். 6 மணி நேரத்தைத் தாண்டிய ரிப்போர்ட்டுக்கு மறுபடி பணம் கட்டி எடுக்க வேண்டும்.

ரயிலை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு 2021 டிசம்பர் கடைசி வாரம் போதும். திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் நடுவே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு, காட்பாடி வழியாகச் சென்னை போகும் ரயில்கள் பல ரத்தாயின. அமெரிக்காவின் ‘1 நாள்’ விதி அமலுக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம் அது. அடுத்த மாதமே தமிழ்நாட்டில் இரவு 10 முதல் காலை 5 வரை ஊரடங்கும், ஞாயிறு முழு ஊரடங்கும். விமான நிலையம் போகிறவர்களுக்கு விலக்கு இருந்தது. ஆனால் வழியில் காட்ட அச்சடித்த டிக்கெட் வேண்டும், வண்டி ஓட்டும் தம்பிக்குத் திரும்பி வரும்போது காட்ட ஒரு நகலும் வேண்டும்.

அமெரிக்கப் பயணத்தில் வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது. ‘1 நாள்’ விதியில் ஆன்டிஜன் ரிப்போர்ட் போதும். அரைமணியில் முடிவு தெரியும் பரிசோதனை இருக்கும்போது, சென்னைக்குப் போய்த் திரும்பும் பி.சி.ஆர். சாம்பிளை நம்பி உட்கார வேண்டியதில்லை. மருத்துவ மேற்பார்வை இல்லாமல் வீட்டில் தானே செய்துகொண்டது செல்லாது. லேப் லெட்டர்ஹெட்டில் வேண்டும். டோஹா, துபாய் என்று மாறிப் போனாலும், ஒரே டிக்கெட்டில் இருந்து, இடையில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்காவிட்டால், முதல் விமானத்தின் புறப்பாட்டை வைத்தே நாள் எண்ணப்பட்டது. தனித்தனி டிக்கெட் எடுத்து ஆயிரம் இரண்டாயிரம் மிச்சம் பிடித்தவர்களுக்கு இந்தச் சலுகை போனது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பரிசோதனை வேண்டாம். இந்தியா திரும்பும்போது அந்த வயது ஐந்து. குடும்பத்தோடு போகிறவர்கள் இரண்டு நாட்டின் வயதையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மணிக் கணக்கின் கடுமையை 2022 ஹஜ்ஜில் நன்றாகப் பார்க்கலாம். சவூதி அந்த ஆண்டு 10 லட்சம் பேரை அனுமதித்தது. 65 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும், புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். வேண்டும். அந்த ஆண்டு சென்னை புறப்பாட்டு மையமாக இல்லை. தமிழ்நாட்டு ஹாஜிகள் கொச்சியிலிருந்து விமானம் ஏறினார்கள். வாணியம்பாடியிலிருந்து புறப்படும் ஒரு பெரியவருக்கு ஒரு ராத்திரி ரயில் பயணம், அங்கே தங்கல், விமானம் எல்லாம் அந்த 72-க்குள் அடங்க வேண்டும். ஊரிலேயே எடுத்துக்கொண்டு போகலாம் என்று பார்த்தால் மிச்சம் மெல்லியது. இப்படி வேறு ஊர் போய் விமானம் ஏற வேண்டியிருந்தால், அந்த ஊரில் எடுப்பதே சரி. பாஸ்போர்ட்டின் நகலை மட்டும் லேபுக்கு முன்கூட்டி அனுப்பிவிடலாம்.

இன்றும் நடப்பில் உள்ள இரண்டு சான்றுகளுக்கு இதே பின்னோக்கிக் கணக்கு பொருந்தும். ஹஜ், உம்ரா போகிறவர்களுக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் தடுப்பூசி; சவூதியில் இறங்குவதற்கு 10 நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். தோல் வாங்கவோ விற்கவோ நைஜீரியா, கானா பக்கம் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அதற்குச் சான்றாகத் தரும் மஞ்சள் அட்டை செல்லும். 2016 ஜூலை 11 முதல் அந்த அட்டை வாழ்நாள் முழுதும் செல்லும் என்று உலக சுகாதார அமைப்பு மாற்றியிருக்கிறது. பழைய அட்டையில் ‘10 ஆண்டு’ என்று இருந்தாலும் புதுப்பிக்க வேண்டியதில்லை. அட்டை இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். வேலூரில் எல்லா ஊசி போடும் இடத்திலும் இது கிடைக்காது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரித்த மையங்களில் மட்டும், அதற்கென ஒதுக்கிய நாட்களில் போடுவார்கள். அங்கே போகும்போதும் கையில் பாஸ்போர்ட் இருக்கட்டும். அட்டையில் எழுதும் பெயரை, எழுதுபவரின் பக்கத்தில் நின்று எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள்.